பாலைவன பாக்டீரியாவும் உங்கள் ஆய்வக அறிக்கையும்

சிங்கப்பூரில் பாலைவனம் கிடையாது. ஆண்டுக்குச் சுமார் 2,100 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஊர் இது. இருந்தாலும், உலகிலேயே மிக வறண்டதாகச் சொல்லப்படும் அட்டகாமா பாலைவனத்தின் மண்ணுக்குள் எந்த பாக்டீரியாக்கள் இருக்கின்றன என்று தேடிய ஓர் ஆய்வுக்குத் தலைமை தாங்கியவர் இங்கே பணியாற்றிய பேராசிரியர்தான். அப்போது யேல்-என்யுஎஸ் கல்லூரியில் இருந்த ஸ்டீஃபன் பாயிண்டிங் என்பவர். சிலி நாட்டில் நாசாவின் துணையோடு ஓடிய ஒரு தானியங்கி வண்டி 80 சென்டிமீட்டர் ஆழம் வரை துளையிட்டு மண் எடுத்தது. அந்த மண்ணில் கிடைத்ததை 2019-இல் வெளியிட்டார்கள்.

செவ்வாய்க் கோளில் உயிர் தேடுவதற்கான ஒத்திகையாக அந்தப் பயணம் நடந்தது. அதில் ஒன்று தெரியவந்தது. வறண்ட மண்ணில் பாக்டீரியா எங்கும் பரவியிருக்கவில்லை. இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம் என்று திட்டுத்திட்டாகவே இருந்தது. எங்கே இருக்கும், எங்கே இருக்காது என்பதைப் பெரும்பாலும் தண்ணீரே முடிவு செய்தது.

தண்ணீரே இல்லாத இடத்தில் ஓர் உயிர் எப்படித் தாக்குப்பிடிக்கும் என்று நீங்கள் கேட்கலாம். பெரும்பாலான நேரம் அது உறங்கிக் கிடக்கிறது. சில வகைகள் அகவித்து (கடினமான ஓட்டுக்குள் உயிர் அடங்கிக் கிடக்கும் நிலை) ஆகிவிடும். சில வகைகள் ஒருவகைச் சர்க்கரையைச் சேர்த்துவைத்து, உடலுக்குள் உள்ள புரதங்கள் காய்ந்து சிதையாமல் காத்துக்கொள்ளும். இன்னும் சில, உடைந்த மரபணு இழைகளைத் திரும்ப ஒட்டிக்கொள்வதில் கைதேர்ந்தவை.

டெய்னோகாக்கஸ் என்ற பேரினம் (நெருங்கிய இனங்கள் பலவற்றைச் சேர்த்த குழு) இதற்குப் பேர்போனது. கதிர்வீச்சால் கிருமி நீக்கப்பட்ட இறைச்சி டப்பாவில் 1956-இல் அமெரிக்காவில் இதன் ஓர் இனத்தைக் கண்டுபிடித்தார்கள். அவ்வளவு கதிர்வீச்சை இயற்கையில் எந்த உயிரும் சந்திப்பதில்லையே, பிறகு இந்தத் திறன் எதற்கு என்று விஞ்ஞானிகள் நெடுநாள் யோசித்தார்கள். காய்ந்து போகும்போதும் மரபணு இழைகள் அதேபோல உடைகின்றன. வறட்சியைத் தாங்கப் பழகிய உயிர் கதிர்வீச்சையும் தாங்கிக்கொள்கிறது என்பது 1996-இல் வந்த விளக்கம். 2005-இல் சஹாரா மணலிலிருந்தே இதன் இன்னோர் இனம் கிடைத்தபோது அதற்கு டெய்னோகாக்கஸ் டெசர்ட்டி என்று பெயர் வைத்தார்கள்.

சரி, ஒரு கைப்பிடி மண்ணிலிருந்து கிடைத்தது புதிய இனம்தான் என்று எப்படி உறுதி செய்கிறார்கள்? இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். உங்கள் இரத்தப் பரிசோதனை அறிக்கையில் வரும் பெயரும் இதே வழியாகத்தான் வருகிறது.

முதல் வேலை வளர்ப்பது. பாலைவன பாக்டீரியா பட்டினியில் வாழ்ந்து பழகியது. ஆய்வகத்தில் வழக்கமாக வைக்கும் சத்தான கூழில் இட்டால் வேகமாக வளரும் மற்ற கிருமிகள் முந்திக்கொள்ளும்; இது வளரவே வளராது. அதனால் சத்து குறைந்த கூழில் வைத்து வாரக்கணக்கில் காத்திருக்கிறார்கள். பெரும்பாலும் கடைசியில்தான் இளஞ்சிவப்பு, ஆரஞ்சு நிறப் புள்ளிகள் தட்டில் தலைகாட்டும். அந்த நிறங்களைத் தருபவை, வெயிலின் புற ஊதாக் கதிரைத் தாங்க உதவும் நிறமிகள்.

அடுத்தது மரபணு. எல்லா பாக்டீரியாக்களிடமும் ஏறத்தாழ 1,500 எழுத்துகள் நீளமுள்ள ஒரு மரபணு இருக்கிறது. 16எஸ் என்பது அதன் பெயர். புரதம் செய்யும் பட்டறைக்கு அடிப்படையான இந்த மரபணு மிக மெதுவாகத்தான் மாறும். அதனால் இரண்டு உயிர்கள் எவ்வளவு நெருங்கிய உறவு என்று பார்க்க ஏற்றது. அமெரிக்கரான கார்ல் வோஸ் 1970-களில் திறந்துவிட்ட வழி இது. ஏற்கெனவே பெயர் பெற்ற எல்லா இனங்களோடும் ஒப்பிட்டு, ஒற்றுமை 98.7 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் புதிய இனமாக இருக்க வாய்ப்புண்டு.

வாய்ப்பு என்றுதான் சொன்னேன். இந்த ஒரு மரபணுவை மட்டும் நம்பினால் ஏமாறலாம். ஆகவே முழு மரபணுத் தொகுதியையும் படித்து, நெருங்கிய உறவினரின் தொகுதியோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுகிறார்கள். அங்கே ஒற்றுமை 95 அல்லது 96 விழுக்காட்டுக்குக் கீழே போனால் வேறு இனம். அதன்பிறகும் எந்தச் சர்க்கரையை உண்ணும், எவ்வளவு உப்பைத் தாங்கும், அதன் சவ்வில் என்ன கொழுப்பு இருக்கிறது என்று சோதனைகள் தொடரும்.

அது முடிந்தால் பெயர் வைத்துவிடலாமா? இன்னும் ஒரு படி இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த விதி இது. கண்டுபிடித்தவர் அந்த பாக்டீரியாவை உயிரோடு, குறைந்தது இரண்டு வெவ்வேறு நாடுகளின் பொதுச் சேமிப்பகங்களில் ஒப்படைக்க வேண்டும். யார் கேட்டாலும் அங்கிருந்து வாங்கிச் சோதித்துப் பார்க்கலாம். பெயருக்குப் பின்னால் எப்போதும் ஓர் உயிருள்ள சான்று நிற்க வேண்டும் என்பதுதான் நோக்கம். ஒரு கிடங்கு தீக்கிரையானாலும், ஒரு நாடு போரில் சிக்கினாலும் சான்று அழியாது.

இந்த விதியை நிறைவேற்ற முடியாத பாக்டீரியாக்கள்தான் அதிகம். அட்டகாமா மண்ணில் மரபணுவாகத் தெரிந்தவற்றில் பெரும்பகுதி இன்னும் யார் தட்டிலும் வளரவில்லை. 1980-இல் பழைய குழப்பங்களையெல்லாம் களைந்து முறையான பட்டியலைப் புதிதாகத் தொடங்கியபோது அதில் இரண்டாயிரத்துக்குச் சற்று மேற்பட்ட பெயர்களே இருந்தன. இன்று இருபதாயிரத்தைத் தாண்டிவிட்டன. இருந்தும் உலகில் உள்ளவற்றில் இது சிறு துளிதான். வளர்க்க முடியாதவற்றுக்கு மரபணுத் தொகுதியை வைத்தே பெயரிட 2022-இல் தனியாக ஒரு விதித்தொகுப்பும் வந்திருக்கிறது.

பெயரை யார் வைக்கலாம் என்று கேட்டால், கண்டுபிடித்தவரே வைக்கலாம். லத்தீன் வடிவில் இருக்க வேண்டும். நம் ஆட்கள் இதில் பின்தங்கவில்லை. ஹைதராபாத்தின் உயிரணு, மூலக்கூறு உயிரியல் மையத்தைச் சேர்ந்த சிவாஜியின் குழு, வானில் மிக உயரத்துக்குப் பலூன் அனுப்பிப் பிடித்த காற்றிலிருந்து 2009-இல் புதிய இனங்களை அறிவித்தது. ஒன்றுக்கு ஆரியபட்டர் பெயர், இன்னொன்றுக்கு இஸ்ரோவின் பெயர். அந்த உயரத்துக் காற்றும் வறட்சியில் பாலைவனத்துக்குச் சளைத்ததல்ல.

அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்துக்குப் போன கஸ்தூரி வெங்கடேஸ்வரன், விண்கலங்களைக் கட்டமைக்கும் தூய அறைகளிலும் அனைத்துலக விண்வெளி நிலையத்திலும் தாக்குப்பிடிக்கும் பாக்டீரியாக்களைப் பல ஆண்டுகளாகத் தேடியவர். தூசி கிடையாது, ஈரம் குறைவு, உணவு இல்லை. மனிதன் கட்டிய பாலைவனம் என்றே அந்த அறைகளைச் சொல்லலாம். விண்வெளி நிலையத்தின் காற்று வடிகட்டியில் கிடைத்த ஓர் இனத்துக்கு 2017-இல் அவருடைய குழு வைத்த பெயர் சொலிபாசில்லஸ் கலாமி. ராமேஸ்வரத்தில் பிறந்த நம் அப்துல் கலாம்தான். 2019-இல் கலாமியெல்லா என்று ஒரு பேரினத்துக்கே அவர் பெயரைச் சூட்டினார்கள். கலாமியெல்லா பியர்சோனி என்ற அந்த இனத்தைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள்.

இப்போது முக்கியமான கேள்விக்கு வருவோம். பாலைவனத்திலும் விண்வெளியிலும் யாரோ எதற்கோ பெயர் வைப்பதால் சிராங்கூன் சாலையில் மளிகை வாங்கும் உங்களுக்கு என்ன?

உங்களுக்குக் காய்ச்சல் வந்து மருத்துவமனையில் இரத்தமோ சிறுநீரோ எடுத்தால், அதில் வளரும் கிருமியைப் பெரும்பாலும் ஒரு கருவி அடையாளம் காண்கிறது. லேசர் ஒளியால் கிருமியின் புரதங்களைச் சிதறவைத்து, ஒவ்வொன்றும் எவ்வளவு வேகமாகப் பறக்கிறது என்று அளந்து, தன் நினைவகத்தில் உள்ள பதிவுகளோடு பொருத்திப் பார்க்கும் கருவி அது. காவல் நிலையத்தில் கைரேகை பார்ப்பது போலத்தான்: பதிவேட்டில் இல்லாத ஆளின் ரேகை கிடைத்தால் யாரென்று சொல்ல முடியாது, அல்லது கிட்டத்தட்ட ஒத்துப்போகும் வேறு ஒருவரின் பெயரைச் சொல்லிவிடும்.

இது கற்பனையில்லை. 2012-இல் சிங்கப்பூரின் ஒரு பெரிய மருத்துவமனையில் தீவிர சிகிச்சைப் பிரிவு நோயாளிகள் சிலருக்கு ஒரே வகைக் கிருமி தொற்றியது. எலிசபெத்கிங்கியா மெனிஞ்சோசெப்டிகா என்று முதலில் அடையாளம் சொல்லப்பட்டது. முழு மரபணுத் தொகுதியைப் படித்த பிறகு அது எலிசபெத்கிங்கியா அனாஃபிலிஸ் என்ற வேறு இனம் என்று தெரிந்தது. அந்த இனமே 2011-இல்தான் முறைப்படி பெயர் பெற்றிருந்தது, அதுவும் மலேரியாக் கொசுவின் குடலிலிருந்து எடுக்கப்பட்டதாக! நோயாளிகளைப் பார்க்காமல் கொசுவின் குடலைக் கிளறிக்கொண்டிருந்தவர்கள் வைத்த பெயர் அடுத்த ஆண்டே ஓர் ஐசியுவில் தேவைப்பட்டது.

கிருமி எங்கே குடியிருந்தது தெரியுமா? கை கழுவும் தொட்டிகளிலும் குழாய்களிலும். வழக்கமாகக் கொடுக்கும் வலுவான நுண்ணுயிர்க்கொல்லிகள் (ஆன்டிபயாட்டிக் மருந்துகள்) பலவற்றுக்கும் இது அசையாது. ஆகவே நோயாளியைப் பார்க்கப் போகும் உங்களுக்கு ஒரு வேண்டுகோள். வார்டில் உள்ள கை கழுவும் தொட்டியில் மிச்சமான தேநீரையோ மைலோவையோ, முகம் துடைத்த தண்ணீரையோ ஊற்றாதீர்கள். கீழே குழாய்க்குள் இருக்கும் கிருமிக்கு அது சாப்பாடு. கழிவுக்கு என்று தனியிடம் இருக்கும். தாதியிடம் கேட்டால் காட்டுவார்.

கலாமியெல்லாவுக்கு என்ன ஆனது? விண்வெளி நிலையத்தில் கிடைத்துப் பெயர் பெற்ற மறு ஆண்டு, 2020-இல், மங்களூரில் சிறுநீரகக் கல் நோயாளி ஒருவரின் சிறுநீரில் அதே இனம் கிடைத்ததாக அங்குள்ள ஆய்வாளர்கள் எழுதினார்கள். பெயரும் மரபணுவும் பதிவேட்டில் இருந்ததால்தான் அடையாளம் காண முடிந்தது. பிறகு அந்த இனத்தை பன்டோயா என்ற பழைய பேரினத்துக்குள் சேர்த்துவிட்டார்கள். இன்று அதை பன்டோயா பியர்சோனி என்கிறார்கள். கலாம் பெயர் அந்த இடத்தில் மறைந்தது எனக்கு வருத்தம்தான். ஆனால் புதிய சான்று வந்தால் பெயர் மாற வேண்டும் என்பதே இந்தத் துறையின் ஒழுங்கு.

பெயர் மாறுவதால் உங்களுக்கு வரக்கூடிய குழப்பம் ஒன்று உண்டு. முன்பு எடுத்த அறிக்கையில் என்டெரோபாக்டர் ஏரோஜெனிஸ் என்று இருந்தது, இப்போது கிளெப்சியெல்லா ஏரோஜெனிஸ் என்று வருகிறது. புதிதாக இன்னொரு தொற்றா? இல்லை, அதே கிருமிதான். குளோஸ்ட்ரிடியம் டிஃபிசில் என்பது குளோஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் ஆனதும் அப்படியே. பழைய அறிக்கைகளைத் தூக்கிப் போடாமல் எடுத்துச் சென்று, இரண்டும் ஒன்றுதானா என்று பலதுறை மருந்தகத்திலோ உங்கள் குடும்ப மருத்துவரிடமோ கேளுங்கள். பெயருக்குக் கீழே எந்த மருந்துக்குக் கட்டுப்படும், எதற்குக் கட்டுப்படாது என்று ஒரு பட்டியல் இருக்கும். சிகிச்சை அதை ஒட்டித்தான் அமையும். அதனால்தான் வீட்டில் மிச்சமிருக்கும் பழைய மாத்திரையையோ ஊரிலிருந்து வாங்கிவந்ததையோ தானாகப் போட்டுக்கொள்ளக் கூடாது என்கிறார்கள்.

நீரிழிவு உள்ளவர்கள் இனி வருவதைக் கட்டாயம் படியுங்கள். மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியா நம் வட்டாரத்தில் உயிரைக் குடிக்கக்கூடியது. 1911 வாக்கில் ரங்கூனில் ஆல்ஃபிரட் விட்மோர் என்ற மருத்துவரும் அவருடைய உதவியாளர் சி. எஸ். கிருஷ்ணசாமியும் அதைக் கண்டறிந்து 1912-இல் எழுதினார்கள். அதுவரை யாரும் விவரிக்காத நோய் அது. பிறகு அந்தக் கிருமி பலமுறை பெயர் மாறி, 1992-இல் பர்க்கோல்டேரியா சூடோமல்லி என்று நிலைபெற்றது. நோயின் பெயர் மெலியாய்டோசிஸ்.

பாலைவன பாக்டீரியாவுக்கு நேர் எதிராக, இந்தக் கிருமி ஈர மண்ணை விரும்பும். சிங்கப்பூரிலும் இருக்கிறது, கனமழைக்குப் பிறகு மண்ணிலிருந்தும் தேங்கிய நீரிலிருந்தும் காயம் வழியாகவோ மூச்சு வழியாகவோ உடலுக்குள் போகலாம். நல்ல உடல்நலம் உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. நீரிழிவு, நாள்பட்ட சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு நுரையீரல் அழற்சியாகவோ சீழ்க்கட்டியாகவோ, இரத்தத்தில் நச்சாகவோ மாறலாம். சில நேரம் காசநோய் போலவே தோன்றி ஏமாற்றும்.

இங்கேதான் சரியான பெயர் உயிர் காக்கிறது. பென்சிலின், ஜென்டாமைசின் போன்ற வழக்கமான மருந்துகள் இதனிடம் பலிக்காது. சரியான மருந்தை முதலில் ஊசி வழியாகவும், பிறகு மாதக்கணக்கில் மாத்திரையாகவும் கொடுக்க வேண்டும். இந்தக் கிருமியை அதிகம் பார்த்திராத ஆய்வகங்களில் இதை வேறு இனம் என்று கருவி சொல்லிவிட்டதும் உண்டு, மாதிரியில் தற்செயலாகக் கலந்த மண் கிருமி என்று ஒதுக்கிவிட்டதும் உண்டு. ஆகவே சமூகத் தோட்டத்திலோ கட்டுமான இடத்திலோ மண்ணில் வேலை செய்பவர் என்றால், காய்ச்சலுக்கு மருத்துவரைப் பார்க்கும்போது அதைச் சொல்லுங்கள். அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். கையுறை, மூடிய காலணி, கீறலுக்கு நீர்புகாத ஒட்டுத்துணி: இவ்வளவுதான் முன்னெச்சரிக்கை. செடி வளர்ப்பதை விட வேண்டியதில்லை.

இனத்தின் பெயர் தெரிந்தாலே போதுமா? சில நேரம் போதாது. 2015-இல் சிங்கப்பூரில் பலருக்குக் கடுமையான தொற்று வந்தது. காரணம், ‘பி’ பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ். மிகப் பழைய, தெரிந்த கிருமி. அது உணவு வழியாகப் பலருக்குப் பரவியதாக அதுவரை பதிவு இல்லை. மரபணுவைப் படித்தபோது 283 என்ற எண்ணுள்ள ஓர் உள்வகை (ஒரே இனத்துக்குள் ஒரு கிளை) என்று தெரிந்தது. அந்தக் கிளையின் தடம் கஞ்சியோடு சேர்த்துப் பரிமாறிய பச்சை நன்னீர் மீனில் போய் முடிந்தது. அவ்வாண்டு டிசம்பரில், நன்னீர் மீனைச் சமைக்காமல் பரிமாறுவதை நிறுத்தும்படி உணவுக் கடைகளுக்கு உத்தரவு வந்தது. தேக்கா சந்தையில் வாங்கி நன்றாகக் கொதிக்கவைக்கும் மீன் குழம்புக்கு இதனால் எந்தத் தடையும் இல்லை. வீட்டில் ஆற்று மீனையோ குளத்து மீனையோ பச்சையாகச் சாப்பிடும் ஆசை மட்டும் வேண்டாம்.

உள்வகை என்ற இதே விஷயம் உங்கள் குளிர்பதனப் பெட்டியிலும் இருக்கிறது. லாக்டோபாசில்லஸ் என்று நாம் அறிந்த பெரிய பேரினத்தை 2020-இல் இருபத்தைந்தாகப் பிரித்துவிட்டார்கள். யாகுல்ட் போத்தலில் இருப்பதை இப்போது லாக்டிகேசிபாசில்லஸ் என்ற புதிய பேரினத்தில் வைத்திருக்கிறார்கள். உள்ளே இருக்கும் பாக்டீரியா மாறவில்லை. நீங்கள் குடிப்பது அதேதான். வயிற்றுக்கு நல்லது என்று சொல்லி விற்கும் மாத்திரையை வாங்குமுன் உறையைத் திருப்பிப் பாருங்கள். பேரினம், இனம், அதற்குப் பின்னால் எழுத்தும் எண்ணுமாக உள்வகை என்று மூன்றும் அச்சிட்டிருந்தால், அந்த உள்வகையை வைத்து ஆய்வு நடந்திருக்கிறதா என்று மருந்தாளரிடம் கேட்கலாம். வெறும் ‘நல்ல பாக்டீரியா’ என்று மட்டும் போட்டிருந்தால் கேட்பதற்கே ஒன்றுமில்லை.

பாலைவன பாக்டீரியாவிலிருந்து மருந்து எதுவும் வந்திருக்கிறதா என்பது பலருக்கும் வரும் கேள்வி. நம்பிக்கை தரும் தொடக்கம் இருக்கிறது. இன்று பயன்படும் நுண்ணுயிர்க்கொல்லிகளில் பெரும்பங்கு ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற மண் பாக்டீரியாவும் அதன் உறவினர்களும் கொடுத்தவை. முதல் மழையில் எழும் மண்வாசனையும் இவற்றின் கைவேலைதான். அட்டகாமாவில் கிடைத்த ஸ்ட்ரெப்டோமைசிஸ் லீவன்ஹூக்கி என்ற இனம் சாக்ஸாமைசின் என்ற பொருள்களைச் சுரக்கிறது. அவற்றுள் ஒன்று, பல மருந்துகளுக்கு அடங்காத ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமியை ஆய்வகத்தில் அடக்கியது. ஆய்வகத் தட்டிலிருந்து மருந்துக்கடைக்கு வர இன்னும் பல சோதனைகள் பாக்கி. அதுவரை பாலைவன பாக்டீரியா என்று சொல்லி யாராவது நோய்க்கு மருந்து விற்றால் வாங்காதீர்கள்.

நானும் மண் எடுத்துக் கொடுக்கலாமா என்று மாணவர்கள் கேட்பதுண்டு. ஆர்வம் நல்லதே. ஆனால் ஊருக்குப் போய்த் திரும்பும்போது தேரிக்காட்டுச் செம்மண்ணையோ, கோயில் மண்ணையோ பெட்டியில் போட்டுக்கொண்டு வந்துவிடாதீர்கள். வெளிநாட்டு மண்ணில் செடிகளைத் தாக்கும் உயிர்கள் இருக்கலாம் என்பதால் இங்கே கொண்டுவரக் கட்டுப்பாடு உண்டு. தேசியப் பூங்காக் கழகத்திடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். இந்தியாவிலும் பல்லுயிர்ச் சட்டம் 2002 முதல் இருக்கிறது; ஆய்வுக்காக உயிர் மாதிரிகளை வெளிநாட்டுக்கு அனுப்ப அனுமதி வேண்டும்.

வறட்சியைத் தாங்கும் உயிரைப் பார்க்க அவ்வளவு தூரம் போக வேண்டியதும் இல்லை. உங்கள் வீவக அடுக்குமாடியின் வெளிச்சுவரில் மழைநீர் வழிந்த தடத்தில் கறுப்பாகவோ செந்நிறமாகவோ படிந்திருப்பது வெறும் அழுக்கன்று. பாசிகளும், ஒளியை உண்டு வாழும் பாக்டீரியாக்களும் அதில் இருக்கின்றன. நண்பகல் வெயிலில் முற்றாகக் காய்ந்து, மாலை மழையில் மறுபடி விழித்துக்கொள்பவை அவை. சிங்கப்பூர்க் கட்டடங்களில் படியும் பாசிகளைப் பற்றி வீ இயோ சின் என்ற தாவரவியலாளர் 1980-இலேயே எழுதியிருக்கிறார். பள்ளி அறிவியல் திட்டத்துக்கு அந்தச் சுவரே போதும். ஆசிரியரின் மேற்பார்வையில் ஈரப் பஞ்சால் ஒற்றியெடுத்து நுண்நோக்கியில் பார்க்கச் சொல்லுங்கள். வீட்டில் மட்டும் எந்த பாக்டீரியாவையும் தட்டில் வளர்க்க விடாதீர்கள். வளர்வது எதுவென்று ஆய்வகம் சொல்லும்வரை உங்களுக்குத் தெரியாது.